மூன்றடித் துரை

காரைக்குடியில் இப்போதெல்லாம் பாஸ்போர்ட்டை மூன்று நகல் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒன்று ஏஜெண்டுக்கு. ஒன்று வீட்டில் வைத்துக்கொள்ள. மூன்றாவது துரைக்கு.

எந்தத் துரை என்று கேட்டால் யாரும் சிரிக்கவில்லை. மணல்கொண்டான் கண்மாய்க் கரையில் கும்பினிக்காரன் காலத்துப் பட்டாளக் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. அதற்குள் ஒரு வெள்ளைக்காரத் துரையின் சமாதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் ஒரு குவார்ட்டர் பிராந்தி, ஒரு பாக்கெட் சிகரெட், பாஸ்போர்ட் நகல் மூன்றையும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தால் நாற்பத்தெட்டு நாளில் விசா. லண்டன், கனடா என்றால் உறுதி. குவைத், துபாய் என்றால் கொஞ்சம் இழுக்குமாம். அது துரையின் இலாகா இல்லை, அவர் யாருக்கோ எழுதிக் கேட்டு வாங்கித் தர வேண்டியிருக்கிறதாம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நியாஸிடம் விசாரித்தேன். வதந்தி உண்மை என்றார். அதாவது, வதந்தி உலவுவது உண்மை. கடைக்கு வருகிறவர்கள் ‘துரை செட்’ என்றே கேட்கிறார்களாம். அவரும் மூன்று நகல் எடுத்து, மூன்றாவதை மட்டும் கலரில் போட்டுக் கொடுக்கிறார். துரைக்குக் கறுப்பு வெள்ளை ஆகாது என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரு சொன்னா என்னண்ணே. நமக்கு அது கூடாத காரியம், நான் அங்குட்டுப் போறதே இல்ல. காயிதத்துல மை போடுறதுக்குத் தடை இல்லைல்ல” என்றார்.

இப்படி ஒரு விஷயம் கையில் விழுந்தால் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் யார்தான் விடுவார்கள். அடுத்த சனிக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குன்றக்குடி தாண்டி, திருப்பத்தூரில் ஒரு காபி குடித்துவிட்டு, நெற்குப்பைக்குச் சற்று முன்னால் பிரியும் மண்பாதையில் இறங்கினேன். போகும்போதே பாதிக் கட்டுரை மனத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். நாட்டை விட்டு வெள்ளைக்காரனை அனுப்பியது நாம், இப்போது நம்மை நாட்டை விட்டு அனுப்புவது வெள்ளைக்காரன் என்று முடிக்கலாம் என்று யோசனை. அந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. 

கோட்டை என்றதும் அகழியையும் கொடிமரத்தையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. செம்பராங்கல்லில் கட்டிய மதில் ஒரு பக்கம் நிற்கிறது. மூலைக்கு ஒன்றாக இருந்த நான்கு கொத்தளங்களில் ஒன்றரை மிச்சம். மீதிக் கல்லெல்லாம் சுற்றுவட்டாரத்து மாட்டுக் கொட்டகைகளில் சௌக்கியமாக இருக்கிறது. கண்மாய்ப் பக்கத்து மதில் தண்ணீருக்குள் சரிந்துபோய், துணி துவைக்கும் கல்லாக வேலை பார்க்கிறது. வெடிமருந்துக் கிடங்கு என்று சொல்லப்படும் அறைக்குக் கூரை கிடையாது. மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். கும்பினியாரைவிட அதிக காலம் இந்தக் கோட்டையை ஆண்டது அதுதான்.

ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார். பாளையக்காரர் கலகம் அடங்கிய பிறகு இங்கே முப்பது நாற்பது சிப்பாய்களைப் போட்டுவைத்தார்களாம். அவர்கள் இரண்டு வருஷம் கொசுவோடு யுத்தம் செய்துவிட்டு, காய்ச்சல் தாங்காமல் மூட்டை கட்டிவிட்டார்களாம். ஒரு குண்டும் வெடிக்கவில்லை, துரை யாரும் இங்கே சாகவில்லை, செத்திருந்தால் எழுதிவைக்காமல் விடுகிற சாதி அல்ல அவர்கள் என்றார்.

ஆனால் சமாதி இருந்தது. கிடங்குக்குப் பின்னால் கொஞ்சம் மேடான இடம். செம்பராங்கற்களை வரிசையாகப் பதித்து ஓரம் கட்டியிருந்தது. தலைமாட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுச் சிலுவை. பெயர் இல்லை, தேதி இல்லை. சிலுவையில் யாரோ ஒரு தொப்பியை மாட்டியிருந்தார்கள், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் போடும் தொப்பி. மேலே காகிதக் குவியல். எடுத்துப் பார்த்தேன். துரைக்குத் தமிழ் தெரியாது என்பதால் வேண்டுதல் எல்லாம் இங்கிலீஷில். எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த லீவ் லெட்டர் இங்கிலீஷ். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, ‘யுவர்ஸ் ஒபீடியண்ட்லி’ என்று முடித்து, நடுவில் பாஸ்போர்ட் எண். ஒருவர் மட்டும், காய்ச்சலால் நேரில் வர முடியவில்லை, இதையே நேரில் வந்ததாகக் கருதவும் என்று எழுதியிருந்தார். படையலும் அதே நியாயப்படிதான். பொங்கல் கிடையாது, தேங்காய் பழம் கிடையாது. ரொட்டி, ஜாம், கேக்கு.

சமாதியைக் காலால் அளந்தேன். மூன்றடி வரவில்லை.

அப்போது அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஐம்பத்தைந்து வயதை நெருங்குகிறவர், முழுக்கைச் சட்டை, பையில் பேனா, கையில் விளக்குமாறு. உடைந்த பாட்டில் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி ஒரு சிமெண்டுச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சே இல்லை. மற்றவர் பேசுவதற்கென்றே பிறந்தவர். பெயர் வேல்பாண்டி, துரை கமிட்டியின் தலைவர். கமிட்டியில் வேறு யார் என்று கேட்டதற்கு, சேர்ந்துக்கிட்டே இருக்காக என்றார். துரை ஏன் இவ்வளவு குட்டை என்று கேட்டேன்.

“குட்டையெல்லாம் இல்லண்ணே. ஆளு ஆறே கால் அடி. பீரங்கி குண்டு பட்டு இடுப்புக்குக் கீழ காணாமப் போச்சு. கெடச்சதப் பொதச்சாக” என்றார், நேரில் நின்று தூக்கிப் போட்டவரைப் போல.

இங்கே பீரங்கியே வெடிக்கவில்லையாமே என்றேன். வெடிச்ச ஒண்ணே ஒண்ணு இதுதான் என்றார். வேல்பாண்டியிடம் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் இருந்ததில்லை. சிலுவை இருப்பதால் வெள்ளைக்காரர் என்பது அவருடைய ஆதாரம். நாலு கிலோமீட்டரில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சிலுவை போட்டுக்கொண்டு உழுது நட்டு, வாத்தியார் வேலை பார்த்து, சம்பளம் வாங்கி வாழும் ஊர் ஒன்று இருக்கிறதே, அது அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ஜேசிபி வருகிறதாம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, தளம் போட்டு, நாலு தூண் நிறுத்தி மண்டபம். அப்புறம் தொப்பியும் துப்பாக்கியுமாகத் துரைக்குச் சிலை. துரைக்கு மீசை உண்டா இல்லையா என்பதில்தான் கமிட்டியில் இழுபறி. இதைச் சொல்லிவிட்டு வேல்பாண்டி பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார்.

விளக்குமாற்றுக்காரர் நிமிர்ந்தார். பைக் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

“வானம் எத்தன அடி தோண்டுவாக சார்?” என்றார்.

மண்டபத்துக்கு நாலடியாவது தோண்டுவார்கள் என்றேன்.

“நான் ரெண்டரை அடிதான் தோண்டுனேன்.”

எனக்குப் புரியவில்லை. புரியாததைப் பார்த்துவிட்டு அவரே, குரலை ஏற்றாமல் இறக்காமல், சொன்னார்.

“பொம்பளப் புள்ள சார். எங்க மூத்தது.”

அவர் பெயர் அருள்பிரகாசம். அந்த நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்க்காரர். உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவது, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து வைப்பது, சீசாவுக்குச் சீட்டு ஒட்டுவது, இதுதான் முப்பது வருஷ உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பார். ஊரில் அவரை வாத்தியார் என்று கூப்பிடுவது அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான்.

அந்த வகுப்பில் வருஷா வருஷம் ஒரு பாடம் வரும். சாகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சாமியார் வேண்டும் என்பதில்லை. தலையில் தண்ணீரை ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொன்னால் போதும். அருள்பிரகாசம் இதைப் பிள்ளைகளிடம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பார். சொல்லாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவருடைய மனைவி ஆரோக்கிய ஷீலாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தை பிறந்து மூச்சுக்குத் திணறியது. நர்ஸம்மா வெளியே வந்து, நீங்க வேதக்காரவுகதானே, செய்ய வேண்டியத இப்பவே செஞ்சிருங்க என்று சொன்னார். அருள்பிரகாசம் உடனே செய்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியாரைத் தேடி ஓடினார்.

சாமியார் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது குழந்தையும் இல்லை.

“நான் நின்ன எடத்துல இருந்து கையெட்டுற தூரத்துல கொழா சார். தண்ணி வந்துக்கிட்டிருந்துச்சு. யாரோ தூக்குவாளி கழுவுனாக. நான் அவுகளத் தாண்டித்தான் ஓடுனேன்.”

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் தனக்கும் உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. வாத்தியார்களிடம் உள்ள கோளாறு அது. 

மயக்கத்தில் கிடந்த ஷீலாவை மாமியாரிடம் விட்டுவிட்டு, குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தில், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை நின்றிருந்தார். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மதிலுக்குள் இடம் கிடையாது, மதிலுக்கு வெளியேதான், அதுதான் வழக்கம் என்றார். மதிலுக்கு வெளியே அப்போது ஊர்க் குப்பை கொட்டுவார்கள், பன்றி கிளறும். அருள்பிரகாசம் வாக்குவாதம் செய்யவில்லை. சைக்கிளைத் திருப்பினார். கண்மாய்க் கரையில் மேடாக, பன்றி வராத இடமாக அவருக்குத் தெரிந்தது கோட்டை ஒன்றுதான். கொத்தளத்துக் கல்லையே ஓரத்துக்கு எடுத்துக்கொண்டார். சிலுவை பிறகு செய்து கொண்டுவந்து வைத்தது.

நாலாம் நாள் சாமியார் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோயில்பிள்ளையைத் திட்டினார். அது எந்தக் காலத்து வழக்கம், எங்கிட்டக் கேட்டிருந்தா உள்ளயே வச்சிருக்கலாமே, நீங்களாவது கேட்டிருக்கக் கூடாதா வாத்தியாரே என்றார். சாமியார் இல்லாத இடத்தில் சாமியாரைத் தேடி ஓடியவர், கேட்டிருக்க வேண்டிய இடத்தில் கேட்காமல் வந்துவிட்டார்.

அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. மூன்றாம் நாள் ஷீலா தெளிந்து கேட்ட முதல் கேள்வி, எங்க வச்சீக என்பதுதான். கோட்டையில், பட்டாளக்காரன் கிடங்குக்குப் பின்னால் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கல்லறைத் தோட்டத்துல, கெழக்குச் சுவரோரம், வேப்ப மரத்தடியில என்றார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தது. எனக்கு எடத்தக் காட்டுங்க என்றார் ஷீலா. காட்டினார். வேப்ப மரத்தடியில் ஒன்றுமே இல்லாத மண்ணில் ஷீலா மெழுகுவர்த்தி ஏற்றினார். இருபத்தாறு வருஷமாக ஏற்றுகிறார். அதில் ஒரு வருஷம் மழை கொட்டியபோது, நனையாமல் எரியட்டும் என்று குடையை மெழுகுவர்த்திக்குப் பிடித்துக்கொண்டு தாம் நனைந்தாராம்.

இதைச் சொல்லும்போது அருள்பிரகாசம் ஒரு பாட்டில் துண்டை எடுத்துச் சாக்கில் போட்டார். மெதுவாக, சத்தம் வராமல் போட்டார்.

துரை எப்போது வந்தார்? பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். இரண்டு முறை விசா மறுக்கப்பட்ட ஒருவர், மனம் வெறுத்து மத்தியான நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்து குடித்திருக்கிறார். சிலுவையைப் பார்த்து, நீயும் அந்த ஊருதான, சொல்லேன் என்று பாட்டிலில் மிச்சம் இருந்ததைச் சமாதியின் மேல் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த முறை விசா வந்துவிட்டது. அவ்வளவுதான், குழந்தைக்குப் பதவி வந்துவிட்டது. முதலில் ஒரு சிகரெட்டைப் பார்த்தபோது அருள்பிரகாசம் எடுத்து எறிந்தார். பிறகு எடுத்து எறிந்து மாளவில்லை. இது துரை இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் யார் என்று கேட்பார்கள். சொன்னால் அன்று மாலையே ஊருக்குள் வந்துவிடும், ஷீலா காதுக்கும் வந்துவிடும்.

நான் ஒன்று கேட்டேன். உங்கள் மனைவிக்கு இந்தத் துரை விஷயம் தெரியுமா?

“அவதான சார் என்னக் கூட்டச் சொல்லி அனுப்புறா.”

இரண்டாவது மகள் மெர்சி நர்ஸ் படித்தவள். குவைத் விசா இழுத்துக்கொண்டே போனது. போன வருஷம் ஷீலாவே சொன்னாராம், துரையிட்டப் போயிட்டு வருவோம் என்று. அது சாராயம் ஊத்துற எடம் என்று தடுத்துப் பார்த்திருக்கிறார். அதற்கு ஷீலா சொன்னதை அருள்பிரகாசம் அப்படியே சொன்னார்.

“துரையும் நம்ம வேதக்காரருதானேங்க. அந்நியமா? ஊருவிட்டு ஊரு வந்து, பெத்தவுக மொகம் பாக்காமச் செத்துருக்காரு. நம்ம போயி ஒரு மெழுகுவத்தி ஏத்துனா என்ன கொறஞ்சுபோகும்?”

பிராந்தி வைக்கவில்லை. கேக்கும் மெழுகுவர்த்தியும் வைத்தார். மண்டியிட்டுச் செபம் சொன்னார். அருள்பிரகாசம் வண்டிக்குப் பக்கத்தில் பத்தடி தள்ளி நின்றார். எழுந்து வந்த ஷீலா, பாவம், இவ்வளவு கண்ணாடிக்கு மத்தியில கெடக்காரு, மெர்சிக்கு விசா வந்துட்டா வாராவாரம் நீங்க வந்து கூட்டிக் குடுக்கணும், நேந்துக்கிட்டேன் என்றார். விசா வந்தது. அதனால் சனிக்கிழமை தோறும் அவர் வருகிறார். பெற்ற மகளின் குழிமேட்டைச் சுத்தம் செய்ய, பெற்றவளின் உத்தரவோடு, வேறு ஒருவர் பேரில்.

நாலடி தோண்டினால் என்ன வெளியே வரும் என்பதுதான் அவருக்கு அன்று இருந்த ஒரே பயம். ஏழு மாதக் குழந்தையின் எலும்பு இத்தனை வருஷம் இருக்குமா என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். அவர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், அவருக்கே தெரிந்திருக்கும். சுற்றிய துண்டின் சரிகைக் கரை இருக்கும் என்றார். அது ஷீலாவின் கல்யாணப் புடவையோடு வந்த துண்டு. ஷீலா பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துகொள்வார்.

ஜேசிபியை நிறுத்த வேண்டும். தாசில்தாரிடம் மனுக் கொடுத்தால் வெள்ளிக்கிழமைக்குள் மனுவுக்கு எண்கூட விழாது. வேல்பாண்டியிடம் உண்மையைச் சொன்னால் அவர் அதையும் ஒரு அற்புதமாக்கி நோட்டீஸ் அடித்துவிடுவார். எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்த யோசனையை அடக்கத் தெரிந்திருந்தால் நான் வேறு உத்தியோகத்துக்குப் போயிருப்பேன். துரை உங்கள் கனவில் வந்ததாகச் சொல்லுங்கள் என்றேன். என் நாலு பக்கமும் ஐந்தடிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது என்று உத்தரவு போட்டதாகச் சொல்லுங்கள்.

“ஒரு பொய்தான் சார் சொல்லிருக்கேன் வாழ்க்கையில” என்றார். அதையே இன்னும் கொஞ்சம் நீட்டுகிறோம், அவ்வளவுதானே என்றேன். இதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை போய் வேல்பாண்டியிடம் சொல்லிவிட்டார். வேல்பாண்டிக்கு நம்பிக்கையில் குறை இல்லை, வருத்தம்தான். கமிட்டித் தலைவர் நான் இருக்க ஒமக்கு எதுக்கு வந்தாரு என்று கேட்டிருக்கிறார். பிறகு, எந்த பாஷையில் பேசினார் என்று கேட்டிருக்கிறார். அருள்பிரகாசம் இங்கிலீஷ் என்று சொன்னதும், அதான் ஒம்மகிட்ட வந்துருக்காரு என்று சமாதானமாகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். ஊரே வந்திருந்தது, வெளியூரிலிருந்து இரண்டு வேனும் வந்திருந்தன. ஜேசிபி ஓட்டியவரிடம் ஐந்தடிக் கணக்கை வேல்பாண்டி சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். அருள்பிரகாசம் கோட்டுக்கு உள்ளே, சமாதிக்கு முன்னால் நின்றுகொண்டார். இரும்புக் கை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அவருடைய கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கி நிமிர்ந்தன. நாலு மூலைக்கும் நாலு குழி தோண்டி முடிந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் ஜெயித்துவிட்டதாக நானும் நினைத்தேன்.

அப்போதுதான் கம்பி வந்து இறங்கியது. ஜல்லி, மணல், கலவை எந்திரம். தோண்டத்தானே கூடாது என்றார் துரை, மூடக் கூடாது என்று சொல்லவில்லையே என்று வேல்பாண்டி கணக்குப் போட்டிருந்தார். தூணுக்குத் தூண் கம்பி கட்டி, சமாதிக்கு மேலேயே அரையடி கனத்துக்குக் கான்கிரீட் தளம். அதன் மேல் வழவழப்பான டைல்ஸ். சிலுவையைப் பிடுங்கி, தளத்துக்கு மேலே நடுவாட்டில் பதிப்பார்களாம்.

அருள்பிரகாசம் என் பக்கத்தில் வந்து நின்றார். என்றைக்காவது ஒருநாள், ஷீலாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேருமாக வந்து எடுத்து, வேப்ப மரத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இருபத்தாறு வருஷமாக ஒரு நினைப்பு அவருக்கு. எப்போது என்றுதான் முடிவு செய்யவில்லை. மெர்சி கல்யாணம் ஆகட்டும், தான் ரிட்டயர் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்.

“இனிமே எடுக்க முடியாதுல்ல சார்?” என்றார்.

கனவு யோசனை என்னுடையது.

தளம் போடும்போது முதல் சட்டியை யார் கொட்டுவது என்று பேச்சு வந்தது. வேல்பாண்டி நியாயஸ்தர். துரை யார் கனவில் வந்தாரோ அவர் வீட்டு அம்மாதான் கொட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூட்டத்திலிருந்து ஷீலாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். ஒல்லியான அம்மா, ஐம்பதைத் தொடுகிற வயது, கழுத்தில் செபமாலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கலவைச் சட்டியை வாங்கித் தலையில் வைத்து, பலகையின் மேல் ஏறி நடந்து வந்தார். சமாதிக்கு நேர் மேலே நின்று ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு சட்டியைக் கவிழ்த்தார். ஓரத்துச் செம்பராங்கல் இரண்டு மறைந்தது.

அருள்பிரகாசம் ஓடிப் போய்த் தடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கையை நீட்டினார். பலகையிலிருந்து ஷீலா இறங்கக் கையைக் கொடுத்து, இறங்கியதும் விட்டுவிட்டார். “பாத்து வா, வழுக்கும்” என்றார். அவர் அன்று தன் மனைவியிடம் பேசியதாக நான் கேட்டது அது ஒன்றுதான்.

சாயந்தரத்துக்குள் தளம் முடிந்தது. எல்லோரும் கேக்கு தின்றுகொண்டிருந்தபோது ஷீலா என்னைத் தேடி வந்தார். நீங்கதான பேப்பர்ல எழுதுறவுக என்றார். அவர் கணவர் அப்படித்தான் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. எனக்கு ஒரு உதவி செய்யணும் என்றார்.

“இத்தன வருசமா இவருக்கு ஒரு பூசை கெடையாது. சாராயத்த ஊத்துறாக, சிகரெட்ட வைக்கிறாக, ஆன்மாவுக்குன்னு ஒருத்தரும் ஒண்ணும் செய்யல. எம் மக வேலைக்குப் போயிட்டா, அந்தக் கடமை எனக்கு இருக்கு. ஃபாதர்ட்டக் கேட்டேன், பூசை வைக்கலாம், பேரக் கொண்டாங்கன்னுட்டாரு. கமிட்டிக்காரவுகளக் கேட்டா, தொரைன்னு போடுங்கிறாக. தொரைங்கிறது ஒரு பேரா? பூசையில வாசிக்க முடியுமா? ஒங்களுக்குத்தான் பழைய புஸ்தகமெல்லாம் பாக்கத் தெரியுமே, அவரு பேர மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

அவருக்குப் பின்னால் பத்தடியில் அருள்பிரகாசம் நின்றுகொண்டிருந்தார். பாட்டில் துண்டுச் சாக்கு கையில் இருந்தது. அவருக்குக் கேட்டது என்பது தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

ரெண்டு நாளில் சொல்கிறேன் என்று ஷீலாவிடம் சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னதுதான். ஆனால் அந்த அம்மா என் கையைப் பிடித்து, ரொம்பப் புண்ணியம் என்றார்.

அன்று கிளம்புமுன் அருள்பிரகாசத்திடம் தனியாகக் கேட்டேன், குழந்தைக்கு ஏதாவது பெயர் நினைத்து வைத்திருந்தீர்களா என்று. ஞானஸ்நானத்துக்கு முன்னால் தங்கள் வீட்டில் பெயர் பேசுவதில்லை என்றார். அன்றைக்கு எந்தப் புனிதையின் நாளோ அந்தப் பெயரை வைக்கலாம் என்று ஷீலா சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று என்ன நாள் என்று காலண்டரில் பார்த்தீர்களா என்றேன்.

“பாத்துட்டா அவளுக்குப் பேரு வந்துரும் சார். அப்புறம் நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்?”

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. துரைக்குச் சிலை வந்துவிட்டது, மீசையோடு. பெயரில்லாமல் ஒரு கல்வெட்டும் பதித்திருக்கிறார்கள். காலண்டரைப் புரட்டி அந்தத் தேதிக்குரிய பெயரை நான் பார்த்துவிட்டேன். அழகான பெயர்தான். அதைப் போய்ச் சொல்ல முடியாது, அது பெண் பெயர். ஏதாவது ஒரு வெள்ளைக்காரப் பெயரைப் புளுகிவிட ஒரு நிமிஷம் போதும், எனக்கு அது வராத கலையும் அல்ல. அந்தப் பெயரைப் பீடத்திலிருந்து ஒரு சாமியார் வாசிக்க, ஷீலா மண்டியிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் அருள்பிரகாசம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் பேனா எழுத மாட்டேன் என்கிறது.

ஷீலா மாதம் ஒருமுறை போன் செய்கிறார். கோபமே இல்லை. தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

“அண்ணே, பேரு கெடச்சுச்சா?”

தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.